போன வாரம் காணோமே

ஆலயத்துக்குப் போகிறவர்களில் பல வகை உண்டு. கடவுளைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. வீட்டில் மனைவி முறைக்கிறாளே என்று போகிறவர்கள் உண்டு. புதுச் செருப்பை நாலு பேர் பார்க்கட்டும் என்று போட்டுக்கொண்டு போய், அதை வாசலிலேயே கழற்றிவிட்டு, ஆராதனை முடியும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. நான் சொல்ல வந்த இனம் வேறு. இந்த இனத்தார் ஆலயத்துக்கு வருவது, யார் வரவில்லை என்று பார்ப்பதற்கு.

ஆஜர்காரர்கள் என்று இவர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் கிறிஸ்தவராக இல்லாவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். கல்யாண மண்டபத்தில் தாலி ஏறும் நேரத்தில் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு, "சின்ன மாமா வூட்டுல ஒருத்தரும் வரலியே, இன்னா சண்டை?" என்று கேட்பவர் யார்? சாவு வீட்டில் பாடையைத் தூக்குவதற்குள் வந்த கார்களை எண்ணி முடித்துவிடுபவர் யார்? எல்லாம் இந்த ஜாதிதான். ஆனால் இந்த இனம் கொழுகொழுவென்று வளர்வதற்கு ஏற்ற இடம் ஞாயிற்றுக்கிழமை ஆலயம். வாரம் தவறாமல் ஒரே கூட்டம், ஒரே பெஞ்சு, ஒரே நேரம். ஒரு பல் விழுந்தாலும் இடைவெளி தெரிந்துவிடும்.

எங்கள் சபையின் ஆஜர்காரர் அருள்ராஜ். திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் தாமதம், ஏன் தாமதம் என்று எழுதிக்கொண்டே இருந்த கை. ஓய்வு கொடுத்தவர்கள் மனிதருக்குத்தான் ஓய்வு கொடுத்தார்கள், கைக்குக் கொடுக்கவில்லை. மறுவாரமே அவர் எங்கள் ஆலயத்தின் கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டிய ஓரத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். மலை சுற்ற லட்சம் பேர் வருகிற ஊரில் எங்கள் சபையார், கைக்குழந்தைகளையும் சேர்த்து, நூற்று எண்பத்து மூன்று பேர். எனக்கு எப்படித் தெரியும்? அவர் சொல்லித்தான்.

நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஓர் எழுத்து. வந்தால் ‘வ’. தாமதமானால் ‘தா’, பக்கத்தில் நிமிடக் கணக்கு. வரவே இல்லையென்றால் ‘டிரிப் கட்’. பஸ் ஓடாமலே போனால் அந்தத் தொழிலில் அப்படித்தான் சொல்வார்களாம். கடைசியில் ஒரு கட்டம், ‘காரணம்’. அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காகத்தான் அவர் உயிர் வாழ்கிறார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஜெபம் செய்யும்போது எல்லாரும் கண்ணை மூடுவோம் அல்லவா? அவருக்கு அதுதான் எண்ண வசதியான நேரம். யாரும் அசைய மாட்டார்கள், குழந்தைகளைத் தவிர. பாவ அறிக்கை சொல்லும்போது ஒவ்வொரு பாவத்துக்கும் பொருத்தமான பெஞ்சை ஒரு பார்வை பார்ப்பார். போதகர் ராஜமாணிக்கம் நல்ல மனிதர். வருடத்துக்கு இரண்டு தடவை, சபையாகக் கூடிவருவது எவ்வளவு அவசியம் என்று பிரசங்கம் செய்வார். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டைத் தனியே எடுத்து வைத்தால் அது அணைந்துபோகும் என்று அதில் ஓர் உதாரணம் தவறாமல் வரும். சபையில் எல்லார் வீட்டுக்கும் கேஸ் அடுப்பு வந்து இருபது வருடம் ஆகிறது, உதாரணம் மட்டும் மாறவில்லை. வராதவர்களைத் திட்டும் அந்தப் பிரசங்கத்தை வந்தவர்கள்தான் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் "நம்மில் சிலர்" என்று போதகர் ஆரம்பித்தால் போதும், அருள்ராஜ் அந்தச் சிலரின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆமோதிப்பார்.

ஆசீர்வாதம் முடிந்து நாங்கள் ‘ஆமென்’ சொல்வதற்குள் அவர் வாசற்படிக்குப் போய்விடுவார். கையை நீட்டுவார். நீங்களும் மரியாதைக்குக் கையைக் கொடுப்பீர்கள். கொடுத்தால் தொலைந்தது. பதில் வரும்வரை கை திரும்பி வராது.

"தோத்திரங்க. போன வாரம் காணோமே?"

அவ்வளவுதான் கேள்வி. ஆனால் அதற்குப் பதில் தயாரிக்க எங்கள் சபை பட்ட பாடு கொஞ்சமா? ஒருவர் ஒரே மாமாவை மூன்று தடவை அடக்கம் செய்தார். சர்க்கரை வியாதி இல்லாதவர்களுக்கெல்லாம் ஞாயிறு காலையில் மட்டும் சர்க்கரை ஏறியது. இருந்தாலும் எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு என்றே கடவுள் ஒரு காரணத்தைக் கொடுத்திருக்கிறார். பௌர்ணமி. கிரிவலக் கூட்டம், பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டான், ஆட்டோவை உள்ளே விடவில்லை, நடக்க இடமில்லை. மாதத்துக்கு ஒரு பௌர்ணமிதான். எங்கள் சபையில் நாலு.

"பௌர்ணமிங்க, ரோடெல்லாம் ஜனம். வேங்கிக்கால்லருந்து வரவே முடியல."

அருள்ராஜ் சட்டைப் பையிலிருந்து சின்னக் காலண்டர் அட்டையை எடுத்தார். "போன ஞாயிறு அமாவாசைங்க."

இப்படி மாட்டிக்கொண்டவன் யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு காலையில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. அதனாலேயே காரணம் கிடைப்பது கஷ்டம். அன்றிலிருந்து நான் ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவின் பின்னால் ஒளிந்து, பக்கவாட்டுக் கதவு வழியாக ஓடுகிறவனாக ஆனேன். அவரைக் கேலி செய்வதில் சபையிலேயே எனக்குத்தான் முதலிடம். அவர் மாதிரி நோட்டில் எழுதிக் காட்டுவேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

இந்தச் சிரிப்பு நின்றது காசியம்மாளால்.

காசியம்மாள் கோயில் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறவர். அறையில் தங்கியவர்கள் எல்லாரும் ஞாயிறு காலையில்தான் காலி செய்வார்கள் என்பதால் அவருக்கு ஞாயிறு என்பது நாற்பது படுக்கை விரிப்பு. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, முதலாளி மனசு வைத்தால், பிரசங்கம் பாதி ஆகும்போது வந்து வாசலோரம் உட்கார்வார். கையில் சோப்பு வாசனை இருக்கும். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் வாசலோரத்திலிருந்து ஒரு குரல் எழும்பி, பாடகர் குழுவை முந்திக்கொண்டு போகும். சுருதி எங்கேயோ இருக்கும். குழுத்தலைவர் முகத்தைச் சுளிப்பார். காசியம்மாள் அதைப் பார்த்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவார்.

அன்று வாசற்படியில், அறுபது எழுபது பேர் நின்றுகொண்டிருக்கும்போது, அருள்ராஜ் அவர் கையைப் பிடித்தார்.

"காசிம்மா, மூணு வாரமா காணோமே?"

"லாட்ஜுல ரூமு ஜாஸ்திங்கணா. லீவு குடுக்கல."

"லாட்ஜுக்கு நேரம் ஜாஸ்தி. கர்த்தருக்கு மட்டும் கம்மியா?"

நாலைந்து பேர் சிரித்தோம். ஆமாம், நானும்தான். காசியம்மாள் கையை மெல்ல உருவிக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். வழக்கமாகப் போகும்போது எல்லாரிடமும் தலையாட்டிவிட்டுப் போவார். அன்று ஆட்டவில்லை.

அதன் பிறகு அவர் வரவில்லை. எத்தனை வாரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் கவனிக்கவே இல்லை. பாடகர் குழு கவனித்தது. பாட்டு இப்போது ஒழுங்காக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டது, ஏன் என்று யோசிக்கவில்லை. போதகர் கரித்துண்டு பிரசங்கத்தை இன்னொரு தடவை செய்தார். எந்தக் கரித்துண்டு என்று அவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அருள்ராஜ் என் கடைக்கு வந்தார். நான் மிஷினுக்குப் பின்னால் குனிந்தேன். பிரயோஜனம் இல்லை.

"உங்க பைக்கு வேணுங்க. கூட நீங்களும் வரணும். காசியம்மா ஆறு வாரம் டிரிப் கட்டு."

"கீழ்பென்னாத்தூர்ல பொண்ணு வூட்டுக்குப் போயிருக்கும் சார். அப்படியே எழுதிக்குங்க."

"தெரியாதத எழுதக் கூடாதுங்க," என்றார். "மூணு டிரிப்பு வரலன்னாலே டிப்போவுக்கு ஆள் அனுப்பணும். நான் ஆறு விட்டுட்டேன்."

அவர் முகம் சரியில்லை. நான் அதை அப்போது பொருட்படுத்தவில்லை. மனுஷன் வீட்டுக்கே போய்க் கேள்வி கேட்கப் போகிறார், வேடிக்கை பார்க்கலாம் என்றுதான் பைக்கை எடுத்தேன். மறுநாள் ஆராதனைக்குப் பிறகு நடித்துக் காட்ட நல்ல விஷயம் கிடைக்கும் என்ற ஆசை.

வேட்டவலம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஷீட்டுக் கூரை போட்ட ஒற்றை அறை. கட்டிலில் காசியம்மாள். வலது காலில் இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. ஈரத் துணி மூட்டையோடு லாட்ஜ் மாடிப்படியில் வழுக்கி விழுந்திருக்கிறார். வாசற்படியில் நாங்கள் சிரித்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை.

பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள், கழுத்தில் ருத்திராட்சம் போட்ட பெண்மணி, கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் சர்ச்சு ஆளுங்களா? ஆறு வாரமா நானும் கேட்டுனே இருக்கிறேன், உங்க ஆளுங்க ஒருத்தருமே வரலியான்னு. நாங்க மலை சுத்தறப்போ ஒருத்தி கால்ல முள்ளு குத்துனாக்கூட பத்து பேரு நிப்பாங்க."

காசியம்மாள்தான் பதில் சொன்னார். "நான்தான் சொன்னேனே ரேணு. டைம்கீப்பரு வருவாரு, வந்து திட்டுவாருன்னு. வேற யாரும் வர மாட்டாங்கன்னும் சொன்னேனா இல்லியா?"

அருள்ராஜ் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"கேளுங்கணா," என்றார் காசியம்மாள். "போன வாரம் காணோமேன்னு கேளுங்க. ஆறு வாரமா பதில ரெடி பண்ணி வெச்சிருக்கேன்."

அவர் கேட்கவில்லை.

"காலு ஒடையலன்னாலும் ரெண்டு வாரம் வந்திருக்க மாட்டேன். கோவம். அப்புறம் வந்திருப்பேன். வராம எங்க போறது?" தலைமாட்டில் கிடந்த செல்போனைத் தொட்டுக் காட்டினார். "பொண்ணு இதுல ஆராதனை போட்டுக் குடுத்துட்டுப் போனா. எந்த ஊரு சபையோ, இன்னா ஒரு பாட்டு. ஒருத்தர்கூட சுருதி தப்பல. கூடவே நானும் பாடிப் பாத்தேன். என் குரலு மட்டும் தனியா ஷீட்டுல போய் இடிச்சிட்டுத் திரும்பி வருது. நிறுத்திட்டேன். நம்ம சபையில தப்பாப் பாடுனாலும் தொணைக்கு ஆள் இருக்கும்."

அவர் அழவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அருள்ராஜை நான் எத்தனை தடவை நடித்துக் காட்டியிருப்பேன்? அந்தச் சின்ன அறையில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவருடைய நோட்டைப் பார்த்தேன். காசியம்மாளுக்கு நேராக ‘காரணம்’ கட்டத்தில் அவர் எழுதி முடித்திருந்தார்: ‘கால் முறிவு. யாரும் போய்ப் பார்க்கவில்லை.’

நோட்டை மூடினார். "வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கு அடுத்த ஞாயிறு நான் ஆட்டோ கொண்டாறேன். எட்டு மணிக்கு ரெடியா இருங்க."

"அன்னிக்குப் பௌர்ணமிங்கணா," என்றார் காசியம்மாள். "ரோட்ட அடைச்சிடுவான்."

"அதெல்லாம் ஒரு காரணமா?" என்றார் அருள்ராஜ்.

அந்தப் பௌர்ணமி ஞாயிறு. எட்டரைக்கு அப்பாதுரை மணி அடித்தார். எங்கள் ஆலய மணியை இருபது வருடமாக அடிப்பவர் அவர். அடித்துவிட்டு வழக்கம்போல் கடைசி பெஞ்சைப் பார்த்தார். காலி. கை தவறிவிட்டதோ என்று இன்னொரு தடவை அடித்தார். அப்போதும் காலி.

சபை தடுமாறிப் போனது. தாமதமாக வந்தவர்கள், தயாரித்து வைத்திருந்த காரணத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வாசலில் நின்று விழித்தார்கள். ஒருவர் தன்னிடமே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பாட்டின் நடுவிலேயே தலைகள் திரும்ப ஆரம்பித்தன. "டைம்கீப்பர காணோமே?" பாவ அறிக்கையில் யாருக்கும் பாவம் ஞாபகம் வரவில்லை. போதகர் பிரசங்கத்தை நிறுத்தி நிறுத்தி வாசலைப் பார்த்தார். கண் மூடிய ஜெபத்தில் நான் ஒரு கண்ணைத் திறந்தேன். என்னைப் போலவே நூறு கண்கள் திறந்திருந்தன. யாரைக் கேலி செய்துகொண்டிருந்தோமோ அவராகவே ஒரு மணி நேரத்தில் மொத்த சபையும் மாறியிருந்தது.

ஆராதனை முடிவுக்கு வந்தது. போதகர் ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கினார். அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது.

முதலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அன்னதானப் பந்தலில் இருந்து எடுத்து வந்திருக்க வேண்டும், முதுகில் உபயதாரர் பெயர் எழுதியிருந்தது. அதில் மாவுக்கட்டை நீட்டிக்கொண்டு காசியம்மாள். நாற்காலியைத் தூக்கி வந்தவர்கள் நாலு பேர். நெற்றி நிறைய விபூதி, காலில் செருப்பில்லை, வேட்டி முழங்காலுக்கு மேல். பின்னால் அருள்ராஜ், சட்டை முழுக்க நனைந்து, ஒரு கையில் அவர்களுடைய நாலு பைகளையும் சுமந்துகொண்டு. ஆட்டோவைத் தடுப்பு போட்ட இடத்திலேயே நிறுத்திவிட்டார்களாம். மலை சுற்ற வந்த கூட்டத்தில் இருந்த இந்த நாலு பேரும், எங்கே போகணும் என்று கேட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கிருஷ்ணகிரிப் பக்கமாம்.

நாற்காலியை இறக்கி வைத்ததும் அவர்களில் ஒருவர் அருள்ராஜிடம் கவலையாகக் கேட்டார்.

"ஐயா, நாங்க விட்ட எடத்துலருந்து நடந்தா போதுமா? இல்ல, சுத்து முதல்லருந்து நடக்கணுமா?"

அருள்ராஜ் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "விட்ட எடத்துலருந்து போதுங்க. நான் பொறுப்பு."

அவர்கள் திருப்தியாகப் பையை வாங்கிக்கொண்டு, பலிபீடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். போதகரின் கை இன்னும் மேலேதான் இருந்தது. அவர் காசியம்மாளைப் பார்த்தார். கையைக் கீழே இறக்கினார்.

"எல்லாரும் உட்காருங்க. முதல் பாட்டுலருந்து பாடலாம்."

முணுமுணுப்பு எழுந்தது என்பதை மறைக்க மாட்டேன். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. போதகர் ஒரு பாட்டோடு விடுகிறவரும் இல்லை. பாட்டு, ஜெபம், பிரசங்கத்தின் சுருக்கம் என்று அந்தச் சுருக்கமே அரை மணி. அன்று எங்கள் சபையில் பதினொரு வீட்டில் கோழிக்குழம்பு அடிபிடித்தது. ஆனால் பாட்டு எழுந்ததும் வாசலோரத்திலிருந்து அந்தக் குரல் கிளம்பியது. எங்களை முந்திக்கொண்டு, சுருதியை எங்கேயோ விட்டுவிட்டு. குழுத்தலைவர் முகத்தைச் சுளித்தார், பிறகு அவரும் குரலை உயர்த்தினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நானும் வாய் விட்டுப் பாடினேன். நானும் தப்பாகத்தான் பாடுவேன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

ஆராதனை முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக ஓடாமல் வாசற்படிக்குப் போய் நின்றேன். அருள்ராஜ் வந்ததும் கையை நீட்டினேன். அவரும் கொடுத்தார். பிடித்துக்கொண்டேன்.

"தோத்திரங்க சார். எட்டரைக்கு வர வேண்டியவரு பத்து பத்துக்கு வர்றீங்க. நூறு நிமிஷம் லேட்டு. இன்னா காரணம்?"

சுற்றிலும் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். காலண்டர் அட்டை இருந்த பையைத் தொட்டார். பிறகு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்.

"பௌர்ணமிங்க. கூட்டம் ஜாஸ்தி."

ஆகவே வாசகர்களே, இந்த இனத்தைக் கண்டால் ஓடிவிடுங்கள் என்று எச்சரிக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது எனக்கே நிச்சயமில்லை. நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எட்டரையிலிருந்து பத்து பத்து வரை நூறு நிமிடம் சரிதானா என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் நீங்களும் அந்த ஜாதிதான், கடைசி பெஞ்சில் உங்களுக்கு இடம் இருக்கிறது. பார்க்கவில்லையென்றால் நிலைமை இன்னும் மோசம். உங்கள் பெஞ்சில், உங்கள் பந்தியில், உங்கள் தெருவில் ஆறு வாரமாகக் காணாமல் போன ஒருவர் எங்கேயோ பதிலைத் தயார் செய்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

என் சட்டைப் பையிலும் இப்போது ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. கடை விஷயமாக வாங்கியது, வேறு ஒன்றுமில்லை. அது கிடக்கட்டும், கையைக் கொடுங்கள். போன வாரம் உங்களைக் காணோமே?